ரோசிக்குப் பழக்கியவை

ஜூன் 9, திங்கள்
விடாத மழை. பள்ளிக்கூடத்தில், நான் படிப்பிக்கும் விசேட தேவைப் பிள்ளைகளின் பிரிவில், துவாய்த் துண்டு மடிப்பு. தங்கச்சி ரோசி நான் கை வைக்காமலே மூலைக்கு மூலை சேர்த்துவிட்டாள்! பதினைந்து வயது, டவுன் சின்ட்ரோம். ‘இதுக்கு என்னத்த படிப்பு’ என்று தோட்டத்து லய வீடுகளில் கேட்டவர்கள் வந்து பார்க்கட்டும். வீட்டிலும் எல்லாத் துணியையும் இழுத்துப் போட்டு மடித்தாள். ஈரத் துணியையும்.
வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், சவர்க்காரம், குடை.
கொழும்பு அத்தை நாளை வருகிறாளாம். அப்பா செத்த வீட்டுக்கு வந்தவள். பிறகு இப்போதுதான்.

ஜூன் 10, செவ்வாய்
போயா, பௌர்ணமி லீவு. அத்தை கேக் கொண்டுவந்தாள். பேச்செல்லாம் அம்மாவோடு, கண் மட்டும் ரோசி மேல். ரோசி பீங்கான் கழுவினாள், வீடு கூட்டினாள், அத்தையின் சால்வையை மடித்தாள். எனக்குப் பெருமை.
“நல்லா பழக்கியிருக்கியே புள்ள,” என்றாள் அத்தை என்னிடம்.
பிறகு அம்மாவிடம், மெதுவாக: “யாராச்சும் அதட்டுனா, அடிச்சா, வந்து சொல்லுவாளா?”
“அவளுக்கு அம்புட்டு பேச்சு ஏது மதினி. பாவம், சிரிச்சுக்கிட்டு நிப்பா.”
அத்தை தலையாட்டினாள். நான் கேக்கைக் கீழே வைத்தேன்.

ஜூன் 11, புதன்
விஷயம் வெளியே வந்தது. அத்தைக்குத் தெரிந்த பெரிய வீடாம். நல்ல சாப்பாடு, தனி அறை. ரோசி ‘சும்மா கூடமாட’ இருந்தால் போதுமாம்.
விடவே மாட்டேன் என்றேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி: “நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக முடியாம விழுந்துட்டா யாருடி அவளப் பாப்பா? நீயும் கல்யாணம் கட்டிப் போயிருவ.”

ஜூன் 12, வியாழன்
காற்று. வகுப்பில் ரோசிக்குப் பழக்கப் பார்த்தது ஒன்றே ஒன்று: ‘வேணாம்’ என்று சொல்ல. பென்சிலைப் பிடுங்கினேன், விட்டுவிட்டாள். செருப்பைக் கேட்டேன், கழற்றித் தந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன், வாசல் வரை சிரித்தபடியே வந்தாள்.
இரு, எடு, குடு, வா. இத்தனை வருஷமும் எல்லோரும் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

ஜூன் 13, வெள்ளி
காலையில் ஹட்டன் டவுனில் ஆசிரியர் பயிற்சி. அத்தை ஞாயிறு வரை நிற்பதாகச் சொன்னாள், அம்மாவும் வீட்டில். ரோசியை விட்டுப் போனேன்.
திரும்பும்போது மரம் விழுந்து ரோடு அடைப்பு. பனிமூட்டம். மரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் பிடிக்கலாமென்று இறங்கி நடந்தேன். அங்கே நின்ற ஒரு வேன் கண்ணாடியில் ரோசியின் முகம். என் நல்ல சட்டை போட்டிருந்தாள்.
கதவை இழுத்தேன். அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். “ஒங்கம்மா சம்மதிச்சுத்தான் அனுப்புனா. கத்தாத.”
“ரோசி, எறங்கி வா.”
எழுந்தாள்.
“இரு,” என்றாள் அத்தை.
உட்கார்ந்தாள்.
“வா, ரோசி!”
மறுபடி எழுந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பே இல்லை. உதடு துடித்தது.
பின்னால் நின்ற லொறிக்காரர் இறங்கி வந்து, என்ன பிரச்சினை என்று சிங்களத்தில் கேட்டார். அத்தை கையை விட்டாள். ரோசியைக் கட்டிப் பிடித்து இறக்கினேன்.
வேன் கதவைச் சாத்துமுன் அத்தை, கோபமே இல்லாத குரலில்: “நல்லா பழக்கி வை. அவசரமில்ல. பொறவு வர்றேன்.”

ஜூன் 14, சனி
அம்மாவுக்கு அழுது கண் வீங்கியிருக்கிறது. ரோசியின் மணிக்கட்டில் இன்னும் சிவப்பு. எண்ணெய் தடவினேன்.
பொலிசில் சொல்வதா? அம்மா பெயரும் வரும்.

ஜூன் 16, திங்கள்
மழை விட்டது. சாயங்காலம் ரோசி தானே தண்ணீர் கொதிக்க வைத்து, தேயிலை போட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் மூன்று பேருக்கும் ஊற்றினாள். யாரும் சொல்லவில்லை. அம்மா எல்லாம் மறந்து கை தட்டினாள். ரோசி லயமே கேட்கிற மாதிரிச் சிரித்தாள்.
வெளியே யாரும் பார்க்குமுன் நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன்.