பெயர்ச்சீட்டு உரித்த குப்பி

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

இங்கே நலம். உன் முட்டிவலி எப்படியிருக்கிறது? தைலத்தை அலமாரியில் பூட்டி வைத்தால் வலி போகாதடி, தேய்த்தால்தான் போகும். எங்கள் ஆய்வகத்தில் ஏ.சி. பழுது. ரத்தக் குப்பிகள் இருக்கும் குளிர்பெட்டிக்கு மட்டும் ராஜ உபசாரம், எங்களுக்கு அட்டைப்பெட்டி மூடிதான் விசிறி.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி, எட்டு மாதக் கர்ப்பம், எச்.ஐ.வி. இருக்கிறது, மாத்திரை கொடுத்தும் ரத்தத்தில் கிருமி குறையவே இல்லை. ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை என்று அவள் வயிற்றில் கைவைத்துச் சத்தியம் செய்ததாகவும், நீ நம்பாமல், "பொய் சொல்லிச் சொல்லியே பிள்ளைக்கும் வாங்கிக் கொடுக்கப் போறியா" என்று வெளுத்து வாங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை என்றும்.

அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாத்திரை தொடங்கும் முன்பே எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளிடம் கணக்கெடுப்புக்கென்று ரத்தம் எடுத்து அனுப்பினீர்களே, அதிலுள்ள கிருமி மருந்துக்கு மசியுமா என்று பார்ப்பதுதான் இப்போது என் வேலை. உன் ஆஸ்பத்திரிப் பெட்டியில் ஒரு குப்பி. நீ கொடுக்கிற மாத்திரைக்கு அந்தக் கிருமி அசையாது. அந்தக் குப்பிக்காரிக்குத் தொற்றும்போதே அப்படித்தான் தொற்றியிருக்கிறது. வேளை தவறாமல் விழுங்கினாலும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

யாருடைய ரத்தம்? தெரியாது. பெயர்ச்சீட்டை உரித்து அனுப்பியவளே நீதானே. அதிகாரியிடம் போய் நின்றேன். பெயர் யாருக்கும் தெரியாது என்று வாக்குக் கொடுத்துத்தான் ரத்தம் வாங்கினோம், எத்தனை பேருக்கு இப்படி என்று கணக்கு மேலிடத்துக்குப் போனால் எல்லோருக்கும் மருந்தையே மாற்றுவார்கள் என்றார். வருஷம் இரண்டு ஆகலாமாம். பிள்ளை ஒன்றிரண்டு மாதத்தில் வந்துவிடுமே சார் என்றேன். அவர்தான் என்ன செய்வார் பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. உன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

அவள் சொன்ன முகவரியில் பூட்டுத் தொங்குகிறது என்கிறாய். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அவள் ரகசியம் தெருவுக்கு வந்துவிடும், அதுவும் முடியாது. ஆள் கிடைத்தால் கையோடு டாக்டரிடம் கூட்டிப் போய் வேறு மருந்து கேள். பிரசவத்துக்காவது வருவாள். அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும்.

குப்பி அவளுடையதாக இல்லாமலும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். வந்தால், உட்கார வைத்து, "நீ பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்மா" என்று முதலில் சொல்லிவிடடி. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் விடுதி அறைத்தோழி