கறந்த சூட்டோடு கொடுத்த பால்

விளாத்திகுளம்
16-2-1982

பிலாயில் இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை சாமுவேல்ராஜ் அவர்களுக்கு, அத்தை நேசம்மாள் எழுதுவது. ஆண்டவர் உங்களைச் சுகத்தோடு வைத்திருப்பாராக. இங்கே எஸ்தருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மாத்திரை முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. சாப்பாடுதான் இறங்கவில்லை. மிளகாய் பழுக்கத் தொடங்கிவிட்டது.

பிள்ளை செத்துப் பிறந்த செய்திக்கு நீங்கள் அவளுக்கு எழுதிய பதிலை நானும் படித்தேன். பஸ் ஏறாதே என்று சொல்லியும் கிறிஸ்துமஸ் துணி எடுக்கக் கோவில்பட்டிக்குப் போனாளே, அதனால்தான் பிள்ளையைப் பறிகொடுத்தோம் என்று எழுதியிருந்தீர்கள். அதன் பிறகு இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. பஸ் அல்ல மாப்பிள்ளை. நான்தான்.

நம் செவலைப் பசுவை உங்களுக்குத் தெரியும். தரிசில் கொழுக்கட்டைப் புல் விதைத்து, வேலி அடைத்து மாற்றி மாற்றி மேயவிட்டு, பிண்ணாக்கே வைக்காமல் வேளைக்கு மூன்று லிட்டர் கறந்தேன். அந்தப் பெருமை தலைக்கேறியிருந்தது. ஐப்பசியில் அதற்குச் சினை கலைந்து கன்று செத்து விழுந்தது. கால்நடை டாக்டர் பூவனநாதன் வந்து, பாலைக் காய்ச்சாம யாருக்கும் குடுத்திராதீங்கம்மா என்று படித்துப் படித்துச் சொன்னார். புல்லு மட்டும் திங்கிற மாட்டுப் பால்ல என்னய்யா அழுக்கு இருக்கு, நீங்க டப்பாப் பால் குடிச்சு வளந்தவிய என்று கேலி பேசி அனுப்பினேன்.

பிள்ளைத்தாய்ச்சிக்குக் கறந்த சூட்டோடு, நுரையோடு கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். எஸ்தரைப் பிரசவத்துக்கு அழைத்து வந்த மறுநாளே செம்போடு போய் நின்றேன். பச்சையாக் குடிச்சா கொமட்டுதும்மா, காய்ச்சித் தாயேன் என்றாள். காய்ச்சினா சத்து போயிரும்ட்டி, மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி என்று நானே அவள் வாயில் ஊற்றினேன். தினமும் ஊற்றினேன்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மாட்டு ரத்தமும் அவள் ரத்தமும் சோதித்த காகிதம் போன வாரம்தான் வந்தது. இரண்டிலும் ஒரே நோய். பாலைப் பொங்க வைத்திருந்தால் போதுமாம். இரண்டு சுள்ளி விறகு, மாப்பிள்ளை. பாவி நான் அதைச் செய்யவில்லை.

பசுவைத் தனியே கட்டியிருக்கிறேன். மாட்டு வியாபாரி பீர் முகம்மது விலை கேட்டு வந்தார். நோயைச் சொல்லி அனுப்பிவிட்டேன். இன்னொரு வீட்டுக்கு அது போகவேண்டாம்.

அந்தக் காகிதத்தைப் படித்து ஆஸ்பத்திரி டாக்டர் இதைச் சொல்லும்போது எஸ்தரும் பக்கத்தில்தான் இருந்தாள். அவியளுக்கு எழுதிராதம்மா, பஸ்ஸுன்னே நெனைச்சிட்டுப் போகட்டும், இல்லன்னா உன்னைய ஏசிருவாவ என்கிறாள். என் பழியை அவள் தலையில் சுமக்கிறாள். அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

என்னை எப்படி வேண்டுமானாலும் ஏசுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்றாலும் சரி. அவளுக்கு மட்டும் உங்கள் கையால் ஒரு கார்டு போடுங்கள். பிள்ளையைப் புதைத்த மூன்றாம் நாள், மார்பில் பால் கட்டி வலி தாங்காமல் அழுதபோது, அவள் அம்மா என்று கூப்பிடவில்லை. உங்களைத்தான் கூப்பிட்டாள்.

கர்த்தர் உங்கள் மனதை இளகச் செய்வாராக.

மன்னிப்புக் கேட்கவும் வாயில்லாத
உங்கள் அத்தை
நேசம்மாள்