பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

டெ பாஹு, வைகாட்டோ
1997 ஜூன் 2

அன்பு மகள் மெரியானாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதவில்லை, நானேதான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்தது ஓடையில் இறங்குகிறது. வேலிக்கம்பி இழுத்துக் கட்டிய கை, பேனாவையும் அப்படியே இறுக்கிப் பிடிக்கிறது. தாள் இரண்டு இடத்தில் கிழிந்தும்விட்டது.

பிப்ரவரியிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் ஊர் நூலகத்தில் எழுத்து வகுப்புக்குப் போகிறேன். உன்னிடம் சொல்லவில்லை, பாதியில் விட்டுவிட்டால் வெட்கம் என்று. உன் அம்மா இருந்தவரை எல்லாக் காகிதத்தையும் அவளே படித்துச் சொல்லிவிடுவாள். அவள் போன பிறகு பக்கத்துப் பண்ணை டெஸ்தான் படிக்கிறான். சத்தமாகப் படிப்பான், நடுநடுவே சிரிப்பான். அதைத் தாங்க முடியாமல்தான் கற்றுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்.

இப்போது விஷயம். போன வாரம் மின்வேலிப் பெட்டியின் டிக் டிக் சத்தம் நின்றுவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே டப்பா மாதிரி ஒன்று. அதன் கம்பி விட்டுப்போனது போலத் தெரிந்தது. விரலை வைத்தேன். அடித்த அடியில் தீவன மூட்டை மேல் போய் விழுந்தேன். பல்செட் கழன்று மடியில் கிடந்தது. டெஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன ஹொஹேபா, பெட்டியோட குத்துச்சண்டையா?"

"பிளக்கைப் புடுங்கிட்டேன்டா!"

"பெட்டிகிட்ட யாரும் சொல்லலையோ என்னவோ."

மூட்டை மேல் உட்கார்ந்தபடியே கையிலிருந்த மூடியைப் பார்த்தேன். மஞ்சள் தாளில் என்னவோ எழுதி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் இருக்கும். திறக்காதீர்.' வகுப்புப் புத்தகத்துக்கு வெளியே நானாகப் படித்த முதல் வாக்கியம் இதுதான், மகளே! கை எரிந்தது. ஆனாலும் டெஸ்ஸுக்கு அதை இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகு அந்த அடி எங்கிருந்து வந்தது? நீ மின்கம்பம் ஏறுகிறவள், உனக்குத் தெரியும். எழுது.

இன்னொன்று. ஜூலைக் கடைசியில் கிடாரிகள் கன்று போடும். வருவாயா? ஃபோனில் கேட்டால் நீ ஹாமில்டனுக்குக் குடிவரச் சொல்லி ஆரம்பிப்பாய், நான் ரிசீவரை வைத்துவிடுவேன். அதனால் தாளில் கேட்கிறேன்.

உன் அப்பா,
ஹொஹேபா


பெர்த்
1997 ஜூன் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

உறை மேலிருந்த எழுத்தைப் பார்த்து, எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ விலாசம் மாற்றிப் போட்டுவிட்டது என்று நினைத்தேன். உள்ளே 'அப்பா எழுதுகிறேன்' என்று இருந்தது. வேலை வண்டியிலேயே உட்கார்ந்து படித்தேன். "யாராவது செத்துட்டாங்களா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். "இல்ல, எங்கப்பா லெட்டர் போட்டிருக்கார்" என்றேன். அதற்கு ஏன் அழுகிறேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்த டப்பா உங்களைக் கொன்றிருக்கும்.

அதற்குப் பெயர் கெபாசிட்டர். நம் கூரையோரத்து மழைத்தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, மொத்தத்தையும் ஒரே வீச்சில் வேலிக்குத் தள்ளிவிடும். உடனே மறுபடி நிரம்பும். அதுதான் நீங்கள் கேட்கும் டிக் டிக். பெட்டி கெட்டதும் தள்ளுகிற வேலை நின்றுபோனது, சேர்த்தது சேர்த்தபடியே உள்ளே இருந்தது. பிளக்கைப் பிடுங்கினால் தொட்டிக்கு வருகிற தண்ணீர்தான் நிற்கும். தொட்டி காலியாகாது.

நான் வேலை பழகிய காலத்தில், காலி செய்கிறேன் பார் என்று ஒருவன் அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே ஸ்க்ரூ டிரைவரை வைத்தான். துப்பாக்கி மாதிரி வெடித்தது, ஸ்க்ரூ டிரைவரின் நுனியே உருகிவிட்டது. நடுவில் ஒரு மின்தடையத்தை, அதாவது மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ஒன்றை, வைத்து மெல்ல மெல்ல வடியவிட வேண்டும். வேலியில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்க நீளமான புல்லைக் கம்பியில் வைப்பீர்களே, அந்தப் புல்லும் ஒரு மின்தடையம்தான். நீளமாக இருந்தால் விரலில் குறுகுறுப்பு. குட்டையாக இருந்தால் அடி.

வருவதைப் பற்றி. வரவில்லை, அப்பா. அம்மாவின் கல்லறைக் கல்லுக்குத் திரை விலக்கும் சடங்கு நடந்த அன்று, தேநீர் ஆறுவதற்குள் நாம் இருவரும் கத்த ஆரம்பித்தோம். தனியாக இருக்காதீர்கள், ஹாமில்டனில் அத்தை வீட்டுப் பக்கம் வந்துவிடுங்கள் என்றேன். "பண்ணைய விட்டுட்டு ஓடினவ எனக்குப் புத்தி சொல்லாதே" என்றீர்கள். இப்போது மூட்டை மேல் விழுந்ததைச் சிரிப்பாக எழுதுகிறீர்கள். நேரில் வந்தால் நான் அதையேதான் சொல்வேன், நீங்களும் அதையேதான் சொல்வீர்கள்.

பெட்டியைக் கடைக்கு அனுப்புங்கள். உங்கள் கையால் தொடாதீர்கள்.

மெரியானா


டெ பாஹு
1997 ஜூன் 27

அன்பு மகளுக்கு,

இந்தத் தடவை தாள் கிழியவில்லை, பார்த்தாயா?

பெட்டியைக் கடைக்கு அனுப்பிவிட்டேன். கையில் வேலை இல்லாததால் எதைப் பார்த்தாலும் மின்சாரமாகவே தெரிகிறது. விளக்கை அணைத்துவிட்டுக் கம்பளிச் சட்டையைக் கழற்றினால் படபடவென்று நீலப் பொறி பறக்கிறது. எத்தனை காலமாக இந்தச் சட்டையைப் போடுகிறேன், இதுவரை அதைக் கண் திறந்து பார்த்ததில்லை. இன்னொரு சந்தேகம். டெஸ் தன் வேலியைச் சோதிக்க ஒரு குச்சி வைத்திருக்கிறான், அதில் குட்டிக் குட்டி விளக்குகள். கண்ணாடிக்குள்ளே இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஆனாலும் ஆரஞ்சாக எரிகிறது. நடுவில் என்னதான் எரிகிறது?

வேலி செத்துக் கிடந்தும் கிடாரிகள் தாண்டவில்லை. கம்பிக்கு ஒரு கை தூரம் தள்ளியே மேய்ந்தன. "உன்ன மாதிரிதான்யா இதுங்களும். பிளக்கைப் புடுங்கினது தெரியாது" என்றான் டெஸ். வியாழக்கிழமை, சிவப்புக் காதுக்காரி மூக்கை நீட்டிக் கம்பியில் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி வைத்தாள். பிறகு கம்பியை நெஞ்சால் தள்ளிக்கொண்டு நேராக டெஸ்ஸின் டர்னிப் தோட்டத்துக்குள் போய்விட்டாள். பின்னாலேயே எல்லாம் போயின. டெஸ் இப்போது சிரிப்பதில்லை.

புல்லைப் பற்றி நீ எழுதியதை யோசித்தேன். ஃபோனில் நாம் இருவரும் ஸ்க்ரூ டிரைவர்தான் வைக்கிறோம். நீ ஒரு வார்த்தை, நான் ஒரு வார்த்தை, டமார். உன் கடிதத்திலும் ஹாமில்டன் இருந்தது. ஓடினவ என்று நான் சொன்னதும் இருந்தது. கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அந்த இடத்தைக் கூட்டிப் படிக்கவே எனக்கு வெகுநேரம் பிடித்தது. முடித்தபோது குறுகுறுப்புதான் மிச்சம். காலையில் திரும்பவும் படித்தேன். நீ பயப்படுகிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. ஃபோனில் அது எனக்கு அதிகாரம் மாதிரியே கேட்டிருக்கிறது.

ஓடினவ என்று நினைத்துச் சொல்லவில்லை. நீ இல்லாத வீடு பெரிதாக இருக்கிறது. அதைச் சொல்ல வந்துதான் வாய் அப்படிப் போயிற்று.

உன் அப்பா,
ஹொஹேபா


பெர்த்
1997 ஜூலை 8

அப்பா,

அந்தக் கண்ணாடிக்குள் காற்றை எடுத்துவிட்டு நியான் என்ற வாயுவைக் கொஞ்சம் அடைத்திருக்கிறார்கள். சாதாரணமாக எந்த வாயுவும் மின்சாரத்துக்கு வழிவிடாது. இரண்டு கம்பிக்கும் நடுவே மின்சாரத்தின் இழுப்பு ஓர் அளவைத் தாண்டினால் அந்த வாயுவே பாதையாகிவிடும், ஒளிரவும் செய்யும். எரிவது எதுவும் இல்லை. உங்கள் சட்டையில் பறந்த பொறியும், பிரொங்கியா மலை மேல் வெட்டுகிற மின்னலும் இதே கதைதான். அங்கே வழிவிடுவது காற்று.

உங்கள் கடைசி வரிகளைப் படித்த அன்றே விடுப்புக் கேட்டேன், கிடைத்துவிட்டது. ஜூலை 25, வெள்ளிக்கிழமை மதியம் ஆக்லாந்தில் இறங்குகிறேன். சிவப்புக் காதுக்காரி மாதிரி மூக்கை வைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் ஹாமில்டன் பேச்சை எடுக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மெரியானா


டெ பாஹு
1997 ஜூலை 16

அன்பு மகள் மெரியானாவுக்கு,

உன் கடிதத்தைத் தபால் பெட்டியடியில் நின்றே படித்தேன். மழை வந்து 'வெள்ளிக்கிழமை' கொஞ்சம் கரைந்துவிட்டது. அதற்குள் படித்துவிட்டேன், கவலைப்படாதே.

உன் அறையில் வைத்திருந்த தீவன மூட்டைகளை எடுத்துவிட்டேன். வேலிப் பெட்டி கடையிலிருந்து திரும்பி வந்து டிக் டிக் என்கிறது. நான் திறக்கவில்லை. சிவப்புக் காதுக்காரி போய் மூக்கை வைத்தாள், துள்ளிக் குதித்து நேரே என் காலை மிதித்தாள். அவள்தான் முதலில் கன்று போடுவாள் போலிருக்கிறது. நீ வரும்வரை தாங்கினால் நல்லது.

ஹாமில்டன் விஷயம் நீ சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் வைத்திருந்தால் அந்த டப்பா மாதிரிதான். ஆனால் வாயால் வேண்டாம். தாளில் எழுதி என் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துவிடு. கொட்டகைக்கு எடுத்துப்போய் மெதுவாகப் படிக்கிறேன். என் பதில் உன் கோப்பைக்கு அடியில் இருக்கும். அங்கே குடிபோகிறேன் என்று சொல்லவில்லை. அந்தப் பேச்சே கூடாது என்றும் இனிச் சொல்லமாட்டேன். கன்று, மழை, டெஸ்ஸின் டர்னிப் எல்லாம் வாயாலேயே பேசிக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டை டெஸ்ஸிடம் சொன்னேன்.

"ஒரே வீட்ல இருந்துக்கிட்டு லெட்டரா? மூளை குழம்பிடுச்சா உனக்கு?"

"புல்லு நீளமா இருக்கணும்டா."

"ஏற்கனவே எவ்வளவோ அடி வாங்கின தலை" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான்.

ஆனாலும் வண்டியை அவன்தான் ஓட்டுகிறான். ஆக்லாந்து வரை வழிப்பலகைகளை நானே படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். விமான நிலையத்தில் எங்களைக் காணவில்லை என்றால், ஏதோ ஒரு பலகையை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அங்கேயே நில், போய்விடாதே.

அதற்கடுத்த வாரம் நீ என் எதிரில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பாய். அப்போதும் உனக்கு எழுதுவேன். தபால்தலைதான் ஒட்டமாட்டேன்.

உன் அப்பா,
ஹொஹேபா