கினிகளுக்கு நீ சொன்ன சட்டம்

எத்தாளை,
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின்.

அன்பு மகள் ஃபஹ்மியாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கே எல்லோரும் சுகம், உன் வாப்பாவின் முழங்காலைத் தவிர, அது எந்தக் காலத்தில் சுகமாக இருந்தது. உன் சுகத்தையும் மருமகன் றிம்ஸானின் சுகத்தையும் ஐந்து நேரமும் துஆவில் கேட்கிறேன், அல்லாஹ் பதில் தருவான், நீயும் இடைக்கிடை தந்தால் நல்லது. வாட்ஸ்அப் இருக்கும்போது உம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். பக்கத்து வீட்டு நஸீர் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார், உனக்கு மாசிக் கருவாடும் கட்டா மீன் கருவாடும் கொடுத்து அனுப்புகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். போனில் நான் இந்தக் கதையை எடுத்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. வாப்பாவோடு கிரிக்கெட் கதைக்கும்போது மட்டும் அது முழுதாக இருக்கிறது. டோஹாவில் சிக்னலுக்கும் ஆள் பார்த்துப் பழகத் தெரிந்திருக்கிறது போல.

என்ன கதை என்று உனக்குத் தெரியும். போன மாதம் நீ "இன்னும் ஒருக்கா பாப்பம் உம்மா" என்றாய். மூன்று தரம் பார்த்தாயிற்று மகள். மூன்றாவது தரம் பிள்ளையும் போய் உனக்கு எவ்வளவு இரத்தம் ஏற்றினார்கள் என்பதை நீ எனக்குச் சொல்லவில்லை, றிம்ஸான்தான் சொன்னார், சொல்லி முடிக்க முடியாமல் போனை வாப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். இனி உண்டானால் தாயின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் உங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். உனக்கு முப்பத்தெட்டு வயது. உன் மாமி, றிம்ஸானைப் பெற்ற ஆசியா உம்மா, புத்தளத்தில் இருந்துகொண்டு, கொழும்பில் வேறொரு டாக்டர் இருக்கிறார், கைராசிக்காரர், பிள்ளை கிடைத்தால் கந்தூரி கொடுப்பதாக நேர்ச்சையும் வைத்தாயிற்று என்கிறார். டாக்டரின் கை ராசியாகவே இருக்கட்டும், வயிறு என் மகளுடையது. இதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதலில் இங்குள்ள கினிகளுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நீ என்னோடு வழக்காடுவாய்.

உன் தங்கச்சி நிஃப்லாவின் மாப்பிள்ளை ஹுனைஸ் முந்தலில் இறால் குஞ்சு பொரிக்கிற இடத்தில் இன்னும் வேலை செய்கிறார். தாய் இறாலின் ஒரு கண்ணை நசுக்கிவிட்டால் அது கெதியாக முட்டையிடும், அங்கே அப்படித்தான் செய்வது என்று ஒருநாள் பகல் சோற்றின்போது விளக்கினார், அன்றைக்கு நான் இறால் ஆக்கியிருந்தேன், ஒருவரும் இரண்டாம் தரம் கறி கேட்கவில்லை. பெருக்குவது என்பது அவருக்குத் தொழில். அதனால்தான் கல்பிட்டிப் பக்கம் ஹோட்டல்களுக்கு வருகிற பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், புத்தளத்துக் கடைகளிலும் கேட்கிறார்கள் என்று சொல்லி கினி பிக் வளர்த்து விற்கப் போவதாக அவர் கிளம்பினார். நீ அங்கே இரண்டு வைத்திருப்பதால் அது என்ன பிராணி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, வாலில்லாத, எலிக்கும் முயலுக்கும் நடுவான ஒன்று என்று உன் வாப்பாவுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பெயரில் பன்றி இருக்கிறதே என்று அவர் நேரே பள்ளிவாசலுக்குப் போய் இமாம் ஹஸ்ரத்திடம் கேட்டார். ஹஸ்ரத் படத்தைப் பார்த்துவிட்டு, "பேர வெச்சி ஒண்டும் ஆகாது காக்கா, வளக்கத்தானே போறீங்க" என்றாராம். அதற்குப் பிறகும் வாப்பா அதை "அந்த எலி" என்றுதான் சொல்கிறார், நாங்கள் கினி என்கிறோம், கினி ஒன்றும் சொல்வதில்லை.

அப்போதுதான் நீ ஹுனைஸுக்கு அந்த நீளமான குரல் பதிவுகளை அனுப்பினாய். நான் எல்லாவற்றையும் கேட்டேன், இரண்டு தரம். வேலை முடிந்து ஊருக்குப் போகிறவர்கள் கினிகளைப் பெட்டியோடு குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள், என்னுடைய இரண்டையும் அப்படித்தான் எடுத்தேன், இருக்கிற உயிருக்கே வீடு இல்லாதபோது புது உயிரை ஏன் உண்டாக்குகிறீர்கள் என்று கேட்டாய். வளர்க்க ஆசையென்றால் கைவிட்டதை எடுத்து வளருங்கள் என்றாய். பெட்டை என்பது குட்டி போடுகிற மெசின் இல்லை என்றாய். முக்கியமாக ஒன்று சொன்னாய், ஏழெட்டு மாதத்துக்குள் ஒருதரமும் குட்டி போடாத பெட்டைக்கு இடுப்பெலும்பு இறுகிவிடும், பிறகு சினைப்பட்டால் பெற முடியாமல் செத்துப்போகும், அதைத் தெரிந்துகொண்டே சேர்த்துவிடுவது கொலை என்றாய். கொலை என்ற சொல்லைக் கேட்டு நிஃப்லா என்னைப் பார்த்தாள். ஹுனைஸ் மட்டும், "மதினி டோஹாவில இருந்து கினிக்குச் சட்டம் போடுறா" என்று சிரித்தார். எனக்கு நீ சொன்னது நியாயமாகப் பட்டது. பெருக்க வேண்டாம், யாராவது விட்டதை வளர்ப்போம் என்று நான் முடிவாகச் சொல்லிவிட்டேன்.

நீ சொன்ன தத்தெடுப்பு இங்கே எப்படி நடந்தது என்றால் நான் ஒன்றையும் தேடிப் போகவில்லை, எல்லாம் வாசல் படலைக்கு வந்தன. பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு இரண்டு மாதத்தில் அலுத்துப்போனவர்கள் குறிஞ்சிப்பிட்டியில் இருந்தெல்லாம் கொண்டுவந்தார்கள். ஒருவர் வந்து தேத்தண்ணி குடித்து ஊர்க் கதையெல்லாம் கதைத்துவிட்டு எழும்பிப் போனார், போன பிறகு பார்த்தால் கதிரைக்குக் கீழே ஒரு கினி. மீன் பெட்டிகளில் ஆணை ஒரு பக்கமும் பெண்ணை ஒரு பக்கமும் வைத்தேன், தோட்டக்காரர்கள் கழித்த பீற்றூட் இலையும் கொய்யாவும் போட்டேன். வாப்பா எலி எலி என்று சொல்லிக்கொண்டே புல் அறுத்துக் கொடுத்தார். அவற்றில் ஒன்று பெரிய வெள்ளைப் பெட்டை, ஒன்றரை வயது இருக்கும், ஒருதரமும் குட்டி போட்டதில்லை, என் கையில் இருந்துதான் தின்னும். நான் கலியாண வீட்டுக்குப் போன ஒருநாள் ஹுனைஸ் அதோடு ஆணைச் சேர்த்துவிட்டார். ஏன் அதைப் பிடித்தீர்கள் என்று கேட்டால், இறாலில் தாய் பெரிதாக இருந்தால் முட்டை கூடவாம், அதனால் இருப்பதிலேயே பெரியதைத் தெரிந்தெடுத்தாராம். நான் ஏசினேன். அவர் "ஒருக்கா பாப்பம் மாமி, என்ன ஆகப்போகுது" என்றார்.

என்ன ஆகும் என்று நீ சொல்லியிருந்தாய், அதுதான் ஆனது. ஒரு காலையில் அது மூலையில் ஒடுங்கிக்கொண்டு முக்கத் தொடங்கியது, பகல் ளுஹர் தொழுகை வரைக்கும் முக்கியது, ஒரு குட்டி வந்தது, மற்றது வரவில்லை. சத்தம் போடவும் அதற்குத் தென்பு இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. புத்தளத்தில் இருந்து மிருக டாக்டரைக் கூட்டிவர ஹுனைஸ் மோட்டார் சைக்கிளை எடுத்தார், அவர் சந்தியைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உம்மா ஒரு கினிக்காக அழுதாள் என்று வாப்பா உனக்குச் சொல்வார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம் என்று பார்த்தேன், ஆனால் அழுதேன், நன்றாகவே அழுதேன், கினிக்காக மட்டும் இல்லை. ஹுனைஸ் அதை முருங்கைக்குக் கீழே புதைத்துவிட்டு அன்றைக்கு முழுக்க ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை, அடுத்த நாள் ஆண்களின் பெட்டிக்குப் பூட்டு வாங்கிவந்தார். தாயில்லாத அந்த ஒரு குட்டியை நான் என்ன செய்வது என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. வரும்போதே சினையாக வந்த ஒரு சின்னக் கறுப்புப் பெட்டை அந்தக் கிழமைதான் குட்டி போட்டிருந்தது, அது இதையும் தன் குட்டிகளோடு சேர்த்துப் பால் கொடுத்தது. யாருடைய குட்டி என்று முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் உன்னைக் கினியோடு ஒப்பிடவில்லை. ஒப்பிடுகிறாய் என்று வாப்பா சொன்னார், சரி, ஒப்பிடுகிறேன். பிள்ளை தேடுவது பாவம் என்று எந்த உம்மாவும் சொல்லமாட்டாள், நானும் சொல்லவில்லை. தெரிந்துகொண்டே சேர்த்துவிடுவது கொலை என்று சொன்னது நான் இல்லை, நீ. அந்தப் பதிவு ஹுனைஸின் போனில் இன்னும் இருக்கிறது. ஒரு கினிக்குக் கொடுக்கிற நியாயத்தை என் மகளுக்கு ஏன் கொடுக்கமாட்டாய் என்றுதான் கேட்கிறேன்.

இனி மற்றதைச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் கடைசி வீட்டு முனவ்வராவை உனக்கு ஞாபகம் இருக்கும், மன்னாரில் இருந்து கைக்குழந்தையாக வந்தவள், நிஃப்லாவோடு குர்ஆன் மதரஸாவுக்குப் போனவள். போன மாதம் டெங்குக் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டாள், இன்னா லில்லாஹி. உனக்குப் போனில் சொல்லவில்லை, காரணம் அவள் விட்டுப்போனது மூன்று கிழமைக் குழந்தை, ஆண் பிள்ளை. மாப்பிள்ளை அஸ்மி கடலுக்குப் போகிறவர், மூத்த பிள்ளைகள் நான்கு பேரையும் அவருடைய தாய் பார்க்கிறார், அவருக்கே கண் தெரியாது. குழந்தைக்குப் போத்தல் பால் ஒத்துக்கொள்ளவில்லை, குடித்ததை எல்லாம் சத்தி எடுத்தது, ஒழுங்கை முழுக்க அழுகைச் சத்தம். நிஃப்லா இங்கே தன் மகள் றுஷ்னாவை மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு எழும்பிப் போய் அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒருவரையும் கேட்கவில்லை. பசித்த பிள்ளைக்குக் கொடுக்க யாரைக் கேட்பது. றுஷ்னா மட்டும் தன் பங்கு குறைந்ததைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் கத்தினாள், இப்போது அவளும் சம்மதம்.

அஸ்மி ஒருநாள் வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "அநாதப் பிள்ளைகளோட யதீம்கானாவுல விட மனசு வருதில்ல மாமி, டோஹாவில இருக்கிற தங்கச்சிட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்க" என்றார். ஊர்வாய் எப்படியோ புத்தளம் வரைக்கும் போய், ஆசியா உம்மா எனக்குப் போன் எடுத்தார். பிறத்தியார் பெடியன், வளர்ந்து வந்தால் அவளுக்கு அன்னியன், பிறகு ஃபஹ்மியா தன் வீட்டுக்குள்ளேயே முக்காடு போட்டுக்கொண்டு திரிவதா என்று கேட்டார். கேள்வி சரியான கேள்விதான், மார்க்கத்தில் இருக்கிறது. வாப்பா மறுபடியும் பள்ளிக்குப் போனார், ஹஸ்ரத்துக்கு இப்போது இவரைத் தூரத்தில் கண்டாலே விளங்கிவிடுகிறது. இரண்டு வயதுக்குள் வயிறு நிறைய ஐந்து தரம் பால் குடித்தால் அவன் நிஃப்லாவுக்குப் பால்குடிப் பிள்ளை, அவளுடைய ராத்தாவான நீ அவனுக்குப் பெரியம்மா, பெற்ற பிள்ளையைப் போல முக்காடு தேவையில்லை என்று அவர் சொன்னார். வாப்பா வந்து, இனி நிஃப்லாவிடம் கணக்கு வைக்கச் சொல் என்றார். நிஃப்லா சிரித்தாள். ஐந்து எப்போதோ தாண்டிவிட்டது. ஆகவே மகள், நீ சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் நீ அவனுக்குப் பெரியம்மா, அது முடிந்த விடயம்.

ஆனால் அவனை வளர்ப்பது முடிந்த விடயம் இல்லை, அதை நீயும் றிம்ஸானும்தான் சொல்ல வேண்டும். நன்றாக யோசியுங்கள். நீதிமன்றம், சிறுவர் நன்னடத்தை அலுவலகம், விசா என்று நாளாகும், அதுவரைக்கும் இங்கே இருப்பான், பீற்றூட் இலைக்குப் போட்டிக்கு வரமாட்டான். நீ எடுத்தாலும் அவன் அஸ்மியின் மகன்தான், பின்பெயர் அஸ்மியுடையதுதான், பெருநாளைக்கு வாப்பாவையும் ராத்தாமாரையும் பார்க்க வருவான், அதற்கு உன் மனம் இடம் கொடுக்குமா என்று உன்னையே கேள். கொடுக்காது என்றால் எடுக்காதே, உனக்கு ஒரு குறையும் இல்லை, கைவிட்ட ஒன்றை எடுத்து மறுபடி கைவிடுவதுதான் குறை. எனக்குப் பேரப்பிள்ளை ஆசை இல்லை என்று மட்டும் நினைக்காதே. உனக்காகத் தைத்த சின்னச் சட்டைகள் மூன்று தரமும் அலுமாரிக்குள்தான் போயின, நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் உன் மையித்தை இங்கே கொண்டுவருவதா அங்கேயே அடக்குவதா என்று உன் வாப்பாவும் றிம்ஸானும் போனில் கதைப்பதை நான் பக்கத்தில் இருந்து கேட்க மாட்டேன். எனக்கு நீ வேண்டும். பிள்ளையோடு என்றாலும் வேண்டும், பிள்ளை இல்லாமல் என்றாலும் வேண்டும். இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆசியா உம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். வட்டிலப்பம் செய்துகொண்டு வாற கிழமை புத்தளத்துக்குப் போகிறேன், நேர்ச்சையைப் பற்றிக் கேட்டால் உன் உயிருக்கு வைத்ததாக மாற்றிக்கொள்ளச் சொல்வேன், மாற்றலாமா என்று கேட்க வாப்பா பள்ளிக்குப் போயிருக்கிறார். இரத்தத்துக்குத் தந்த குளிசையை விடாமல் குடி. கருவாட்டைப் பொரிக்கும்போது யன்னலைத் திற, போன தரம் கீழ்வீட்டார் முறைப்பாடு கொடுத்தது எனக்குத் தெரியும். றிம்ஸானுக்கு என் சலாம், அவர் நல்ல மனிதர், அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் பொறுமையையும் நிம்மதியையும் தந்தருள்வானாக, ஆமீன்.

ஒன்றை மறக்காதே. பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்க வேண்டிய ஏழாம் நாள் முனவ்வரா ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பிறகு ஒருவருக்கும் மனம் வரவில்லை. நிஃப்லா தம்பி என்கிறாள், வாப்பா அந்தாள் என்கிறார், பிறப்புப் பதிவுக்காரர் இரண்டையும் எழுதமாட்டாராம். முன்பெயரை டோஹாத் தங்கச்சி வைக்கட்டும் என்று அஸ்மி சொல்லிவிட்டார். வளர்க்க உனக்கு மனமில்லை என்றால் பெயரை மட்டும் போனில் சொல், நாங்கள் வைத்துக்கொள்கிறோம். மனமிருந்தால் ஒருவரிடமும் சொல்லாதே, நீயே வந்து அவன் காதில் சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற உம்மா
ஸுல்பிகா