ஐந்து மணிக்கு மேல்

தூரத்தில் இருந்தாலும் என்னை அதட்டுவதில் மட்டும் குறை வைக்காத என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் உடம்புக்கு நலம். மனசுக்கு நலமா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். கிரேனில் ஏறும்போது தலைக்குத் துணி கட்டிக்கொள்கிறீர்களா? இருமல் நின்றதா?

போனில் பேசினால் வார்த்தைக்கு வார்த்தை குறுக்கே விழுவீர்கள். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். முடித்ததும் படம் எடுத்துப் போனிலேயே அனுப்பிவிடுவேன். இன்றைக்கே படித்துவிடுங்கள், நாளைக்கென்றால் பயனில்லை.

மகள் வேலைக்கு உலை வைக்காதே, தொண்டர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வீட்டில் இரு என்று நேற்றுச் சொன்னீர்கள். முடியாது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எங்கள் துணை இயக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் யாருமில்லாத நோயாளிகளுக்குத் துணை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எப்படி இருக்கிறது என்பது தெரியாது. சம்பளம், அலுவலகம் எல்லாம் வருவதற்கு முன்பே எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வார்டில் யாராவது "நீங்க யாரு?" என்று கேட்டால் இயக்கம் என்று சொல்ல மாட்டோம். அக்கா என்போம், சித்தி என்போம், மாமா என்போம். சொந்தம் என்று சொன்னால்தான் உள்ளே விடுவார்கள், டாக்டரும் நின்று பதில் சொல்வார். கட்டிலில் கிடப்பவருக்கும் அதைக் கேட்டால் பாதி தெம்பு வந்துவிடும். இப்படியே எனக்கு ஊரெல்லாம் தம்பி தங்கைகள். என் கூடப் பிறந்தவன் ஒருவன் இருக்கிறான், பொங்கிப் போட்டால்கூட எட்டிப் பார்க்க மாட்டான்.

அந்தப் பழக்கம்தான் எங்களை மாட்டிவிட்டது. எங்களோடு ஒரு கண்டக்டர் அண்ணன் இருக்கிறார், பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். ஒரு நோயாளிக்கு அண்ணன் என்று தினமும் சொல்லிச் சொல்லி, தான் அண்ணன் இல்லை என்பதே அந்த மனிதருக்கு மறந்துபோய்விட்டது. விரலை எடுக்க வேண்டும், அண்ணன்தானே, கையெழுத்துப் போடுங்கள் என்று டாக்டர் நீட்டியதும் போட்டுவிட்டார். நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனால் அதுவரை எட்டிப் பார்க்காத உண்மையான அண்ணன் வந்து வார்டையே ரெண்டாக்கிவிட்டான். என் தம்பி விரலை வெட்டச் சொல்ல நீ யாருடா என்று அவன் கேட்டான். அவன் கேட்டதும் நியாயம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை.

உடனே புதுச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் நிர்வாகியை நாங்கள் படம்காட்டி என்போம். எதைக் கேட்டாலும் சுவரில் படம் போட்டுத்தான் பதில் சொல்வார். இனிமேல் வார்டுக்குள் சம்பளப் பணியாளர்கள் மட்டும்தான் போகலாமாம், தொண்டர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து நோட்டீஸ் மடிக்கலாமாம். அத்தனை பெரிய ஆஸ்பத்திரிக்குப் பணியாளர்கள் மூன்றே பேர். அவர்களுக்கும் வேலை ஐந்து மணியோடு முடிந்துவிடும். ஐந்து மணிக்கு மேல் மயக்கம் தெளிந்து கண் விழிக்கிறவர் யார் முகத்தைப் பார்ப்பார் என்று கூட்டத்தில் எழுந்து கேட்டேன். ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்றார் படம்காட்டி. கண்டக்டர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே போய் அட்டையை மேசையில் வைத்தார். கூலிக்கு மாரடிக்கிறவங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று சொல்லிவிட்டேன்.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த உங்கள் மகள் எழுந்தாள். அந்த மூன்று பேரில் அவளும் ஒருத்தி என்பது அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், விடுங்கள். அம்மா என்றுகூட அவள் கூப்பிடவில்லை.

"உங்களுக்கு மனசு வந்தா வர்றீங்க, முடியலன்னா படுத்துக்கிறீங்க. நாங்க தினமும் வரணும். தப்பு நடந்தா கூண்டுல ஏறப்போறதும் நாங்கதான். சம்பளம் வாங்கினா அழுகை பொய்யாயிடுமா?"

வீட்டுக்கு வந்ததும் கூலிக்கு மாரடிப்பது என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் வாபஸ் வாங்கிக்கொண்டேன். நாள் முழுக்க வார்டு வார்டாக அலைந்துவிட்டு அவள் வீங்கின காலோடு வருவதைத் தினமும் பார்க்கிறவள் நான்தான். அவள் வேலை செய்யவில்லை என்று எவனாவது சொல்லட்டும், நாக்கை அறுத்துவிடுவேன். ஆனால் சட்டம் தப்பென்றால் தப்புதான். கையெழுத்துப் போடாதே என்று ஒரு வரியில் சொல்லிக் கொடுத்தால் போதும் எங்களுக்கு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையா கொளுத்துவார்கள்?

இப்போது நாளைய விஷயத்துக்கு வருகிறேன். எட்டாவது வார்டில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். ஊரில் உள்ள பூட்டையெல்லாம் காவல் காத்த மனிதர், அவரைப் பார்க்க ஓர் ஆள் இல்லை. நாளை மதியம் வயிற்றில் ஆபரேஷன். முடிய இருட்டிவிடும் என்கிறார்கள். போன வாரமே என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளியில யாரு நிப்பாங்கக்கா?" என்று கேட்டார். என்னைவிடப் பெரியவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறேன். அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வராது, நீங்கள் சொன்னாலும் வராது.

இன்று காலையில் உங்கள் மகள் தலையைப் பின்னிக்கொண்டே, நாளைக்கு வார்டு வாசலில் தொண்டர்களைத் தடுக்கும் வேலையைத் தனக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்றாள். வேண்டுமென்றே போட்டிருக்கிறான் படம்காட்டி.

"நீ வராதம்மா. வந்தா தடுப்பேன்."

"தடு. நான் வருவேன்."

அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் இட்லியை எனக்கு ரெண்டு, தனக்கு ரெண்டு என்று எடுத்து வைத்தாள். சேர்ந்தே சாப்பிட்டோம். சட்னியில் உப்பு இல்லை என்று இருவருமே சொல்லவில்லை.

என்னை நிறுத்தச் சொல்லி அவளிடம் பேசாதீர்கள். அவளுக்காக விட்டுக்கொடுக்கச் சொல்லி என்னிடமும் பேசாதீர்கள். இன்றைக்கு அவளைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். வாசலில் என்னைத் தடுக்கும்போது அவள் குரல் நடுங்கக் கூடாது. எல்லாருக்கும் சொல்வதைப் போலவே எனக்கும் சொல்லட்டும். அதற்காக வீட்டில் அவளை ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன், இது சத்தியம். நான் திரும்பி வீட்டுக்குப் போக மாட்டேன், வார்டுக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். அதற்குச் சட்டம் இன்னும் போடவில்லை.

ஐந்து மணிக்கு அவள் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் வாசலில் தடுக்க ஆள் கிடையாது, நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். அதற்கு மேல் அங்கே நின்றால் அவளுக்கும் சம்பளம் கிடையாது. பெற்றவர் நீங்கள், அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று அங்கிருந்தே ஒரு வார்த்தை வாழ்த்துங்கள். ஐந்து மணிக்கு அவள் பஸ் ஏறிப் போவாளா, பணியாளர் அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வருவாளா, எனக்குத் தெரியாது. வா என்று நான் கூப்பிட மாட்டேன். பெஞ்சில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டுத்தான் உட்காருவேன்.

இப்படிக்கு,
இன்னும் அட்டையைத் திருப்பிக் கொடுக்காத,
உங்கள் மனைவி