ஐம்பத்தேழு சென்ட் வெயில்

லின்டெல்பாக்,
3 ஜனவரி 2013

அன்புள்ள ரோஸ்விதா,

நலம்தானே? நீ வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. வக்கீல் நீட்டிய விவாகரத்துக் காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒன்றுதான் பாக்கி. கூரைமேல் இருக்கும் சோலார் பலகைகள் உன் பெயரில் இருக்கின்றன. உன் ஆசிரியர் சம்பளத்தை நம்பித்தானே வங்கி கடன் கொடுத்தது!

பெயரை மாற்றினால் பழைய விலை போய்விடுமாம். நாம் விற்கும் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 57 யூரோ சென்ட், இருபது ஆண்டுக்கு உத்தரவாதம். இன்று புதிதாகப் போடுகிறவனுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதனால் வருடா வருடம் மீட்டர் எண்ணை உனக்கு எழுதுகிறேன். மின்சாரக் கம்பெனிக்கு நீ தெரிவித்துவிடு.

இந்த முறை: 31,846.

எக்கார்ட்

ஹூசும்,
20 பிப்ரவரி 2013

எக்கார்டுக்கு,

எண்ணை அனுப்பிவிட்டேன். இங்கே கடல்காற்று, மூடிய வானம். வானம் மூடினால் முகம் சுளிக்க ஆள் இல்லாதது நிம்மதியாக இருக்கிறது. நீ வெயிலைப் பார்த்ததில் பாதி என்னைப் பார்த்திருக்கலாம்.

சரி, போகட்டும். அடுத்த ஜனவரியிலும் எழுது.

ரோஸ்விதா

லின்டெல்பாக்,
2 ஜனவரி 2019

அன்புள்ள ரோஸ்விதா,

56,102. பலகைகளுக்கு அடியில் புறா கூடு கட்டியிருக்கிறது, விரட்ட மனம் வரவில்லை.

2004 டிசம்பர் நினைவிருக்கிறதா? புத்தாண்டு பிறந்தால் விலை மூன்று சென்ட் இறங்கிவிடும் என்று எலெக்ட்ரீஷியன் ஸாவரை முப்பதாம் தேதி பனியில் கூரையேற்றினோம். பக்கத்து வீட்டு அலோய்ஸ் வேலிக்கு அப்பால் நின்று, "ஏம்ப்பா, சூரியனையே கூறு போட்டு விக்கிறீங்களா?" என்று கத்தினான். நீ விட்டாயா? "வயித்தெரிச்சலா இருந்தா நீயும் ஒரு ஏணி வாங்கு!" என்றாய். பிறகு நிலவறையில், மீட்டர் முன்னால் ஆப்பிள் பெட்டிமேல் உட்கார்ந்து கேக் தின்றோம். முதல் எண் மாறியதும் நீ கை தட்டினாய்.

உன்னை அப்போது பார்த்தேன், ரோஸ்விதா. நன்றாகவே பார்த்தேன். சொல்லத்தான் தெரியவில்லை.

எக்கார்ட்

லின்டெல்பாக்,
29 டிசம்பர் 2024

அன்புள்ள ரோஸ்விதா,

நாளை மறுநாளோடு நம் இருபது ஆண்டு முடிகிறது. இனி யூனிட்டுக்கு ஐந்து சென்ட்கூடத் தேறாது. கம்பெனிக்காரர்கள் புது மீட்டர் மாட்டிவிட்டுப் போனார்கள். அதுவே கணக்கைச் சொல்லிவிடுமாம். "இனிமே யாரும் எழுதிப் போட வேணாம் சார்" என்று மாட்டியவர் சந்தோஷமாகச் சொன்னார். அவர் போனபின் நான் அந்த ஆப்பிள் பெட்டிமேல் போய் உட்கார்ந்தேன்.

கடைசி எண்: 79,530. உனக்கு இனித் தொந்தரவு இல்லை.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெயரை மாற்றினால் விலை போகும் என்று எழுதினேனே, அது பொய். உனக்கு எழுத எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது. மன்னித்துவிடு.

எக்கார்ட்

ஹூசும்,
8 ஜனவரி 2025

அன்புள்ள எக்கார்ட்,

உனக்குப் பொய் சொல்ல எப்போது வந்தது? உன் முதல் கடிதம் வந்த வாரமே கம்பெனிக்கு போன் செய்து கேட்டேன். "ஒரே ஒரு கையெழுத்துதான் மேடம், விலை அப்படியேதான் இருக்கும்" என்றாள் அங்கிருந்த பெண். படிவமும் அனுப்பினாள். பன்னிரண்டு வருடமாக அதை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, ஜனவரி பிறந்தால் தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தில் இன்று கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கூரை உன் பெயருக்கே வரட்டும்.

மறுபடி சேர்ந்து வாழ்வோம் என்றெல்லாம் எண்ணிக்கொள்ளாதே. அந்த வயதைத் தாண்டிவிட்டோம். ஆனால் உன் கடிதம் வராத ஒரு ஜனவரியை என்னால் தாங்க முடியாது. எனக்கு எழுத உனக்கு எந்தக் காரணமும் வேண்டாம், எக்கார்ட். எப்போதுமே வேண்டியிருக்கவில்லை.

உன்
ரோஸ்விதா