ஒன்றாம் எண் தாள்

மியூனிக், அக்டோபர் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? லூப்ளினில் குளிர் தொடங்கிவிட்டதா? நான் நன்றாக இருக்கிறேன்; வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று எங்கள் தத்துவத் துறையில் ஒரு வேடிக்கை. ஓர் ஆதாரத்தை எவ்வளவு நம்பலாம் என்று நாங்கள் சூத்திரம் போடுவோம். பிறகு மனிதர்கள் அப்படித்தான் நம்புகிறார்களா என்று கேட்டுப் பார்ப்போம். இம்முறை கேள்வி இது: “மார்பில் கட்டி உள்ள பெண்ணை ஒரே கருவியில் இரண்டு முறை பார்த்து, பயமில்லை என்கிறார் மருத்துவர். நூற்றுக்கு எவ்வளவு நம்புவீர்கள்?” சூத்திரம் தொண்ணூறு என்றது. நானூறு பேரில் பெரும்பாலோர் எண்பதுக்கு மேல் எழுதியிருந்தார்கள்.

முதல் தாளில் மட்டும் ஐந்து.

கூட வேலை செய்யும் டெட்லெஃப் சிரித்தான். “யாகோடா, யாரு இந்த ஒண்ணாம் நம்பர்? மத்த கேள்விக்கெல்லாம் அச்சு அசலா சூத்திரம் மாதிரி பதில். இதுல மட்டும் இப்படி நடுங்குது! தூக்கிரலாமா?”

“தூக்கிரு” என்று நானும் சிரித்தேன். தாளைச் சரிபார்க்க நானே முதலில் நிரப்பிவிட்டு, நீக்க மறந்தது அது. சூத்திரத்தைப் போட்டதும் நான்தான். ஆனாலும் கை ஐந்துக்குத்தான் போனது.

காய்ந்த காளான் கொஞ்சம் வேண்டும். என் சாம்பல் நிறச் சால்வையும். பதினேழாம் தேதி என்னை வேறு கருவியில் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். சால்வையைத் தபாலில் போடாதே, அம்மா. நீயே கொண்டு வா.

ட்ராம் வந்துவிட்டது.

உன் யாகோடா